ஒருத்தருக்கு மட்டும் ஏன் இத்தனை சான்றிதழ்?

சிம்மக்கல் டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை சிம்மக்கல் பக்கம் சின்னதாக டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து ஃப்ளெக்ஸ், தேர்தல் வந்தால் பிட் நோட்டீஸ். 22 வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்துகிறது, அதனால் கேட்கிறேன்.

2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தல் சமயம். மேலூர் பக்கம் ஒரு பஞ்சாயத்து, பொது, ரிசர்வ் கிடையாது. தலைவர் பதவிக்கு நின்றவர்களில் இரண்டு பேர் ஒரே நாளில் என் கடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். காலையில் வந்தவர் பட்டாளத்தில் 17 வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர், காலனிக்காரர். மேட்டரை நோட்டில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தபாலில் பி.ஏ. முடித்தது, ஊரில் ரத்ததான முகாம் நடத்தியது, தன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்பது, பேங்கில் கடன் பாக்கி இல்லை என்பது. அது போதாதென்று பட்டச் சான்றிதழையும் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணிப் பின்பக்கம் போடச் சொன்னார். 1/8 டெம்மி அளவுச் சின்னத் தாளில் இவ்வளவும் அடைத்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், ஒருத்தரும் படிக்க மாட்டார்கள் என்றேன்.

"போடுங்கண்ணே. இல்லேன்னா கேப்பாங்க" என்றார்.

சாயங்காலம் வந்தவர் போர்வெல் வண்டி ஓட்டுகிற குடும்பத்துப் பையன். மேட்டர் என்று எதுவும் இல்லை. செல்போனில் ஒரு போட்டோ, வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. "பேரு, சின்னம், 'உங்கள் வீட்டுப் பிள்ளை'ன்னு ஒரு வரி. போதும்ணே, எல்லாம் நமக்கு மாமன் மச்சான்தான்" என்றார். என்ன படித்திருக்கிறார் என்று நானும் கேட்கவில்லை. கேட்கணும் என்றே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

நோட்டீஸ் கட்டைக் கொடுக்க நானே டிவிஎஸ்-ல் ஊருக்குப் போனேன். டீக்கடையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பட்டாளத்துக்காரர் பழைய புல்லட் ஒன்று வைத்திருந்தார், அது திமிராம். "ஜெயிக்கும் முன்னாடியே பாத்தியா." போர்வெல் பையன் புது ஸ்கார்ப்பியோவில் வந்து இறங்கினால் "தம்பிக்கு ஒரு இது இருக்குப்பா". பையன் மேல் மணல் அள்ளிய கேஸ் ஒன்று நடக்கிறது. அதற்கு "ஆம்பளைன்னா ரெண்டு கேஸ் இருக்கும்". பட்டாளத்துக்காரரின் சித்தப்பா மகன் எப்போதோ குடித்துவிட்டுத் தகராறு செய்திருக்கிறான், அதற்கு "அந்தத் தெருவே அப்படித்தான்".

பட்டாளத்துக்காரர் தோற்றார். இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எதிர்ப்பக்கம் காசும் தாராளமாக இறங்கியது.

ஒரு வருஷம் கழித்து, 2021 ஜனவரியில், கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோது அதே ஊரிலிருந்து ஒருவர் வந்து 50 போஸ்டர் அடித்துக்கொண்டு போனார். "அமெரிக்காவை ஆள வந்த எங்க வீட்டுப் பொண்ணு". (மதுரையில் போஸ்டர் அடிக்கக் காரணமா வேண்டும்.) மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்துக்காரர்கள் அடித்தால் அர்த்தம் உண்டு, அம்மா வழித் தாத்தாவின் ஊர். இவருக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தமோ. அவர்தான் டீக்கடையில் புல்லட்டைப் பற்றிப் பேசியவர்.

அமெரிக்காவில்தான் பிறந்தாரா என்று ஒபாமாவிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டுக்கேட்டு வதைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதுவும் என் கடையில் நடந்ததும் ஒன்றுதானா? இல்லை, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேனா?

டல்லாஸ் மதுரைக்காரன்:

அண்ணே, நான் செல்லூர். இங்கே வந்து 14 வருஷம் ஆகிறது. சான்றிதழ்க் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பலருக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது.

2008 தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் பிறந்தது அமெரிக்காவிலேயே இல்லை. 1936-ல் பனாமா கால்வாய் மண்டலத்தில், அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் பிறந்தார். அதிபராக 'பிறவிக் குடிமகன்' ஆக இருக்க வேண்டும் என்பது அவர்கள் அரசியல் சட்டம். கேள்வி எழுந்தது. செனட் என்ன செய்தது தெரியுமா? 2008 ஏப்ரல் கடைசியில் "அவர் பிறவிக் குடிமகன்தான்" என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு முடித்துவிட்டது. அந்தத் தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தவர்களில் ஒருவர் ஒபாமா!

ஒபாமா பிறந்தது ஹவாயில், ஹொனலூலுவில், 1961 ஆகஸ்ட் 4. ஹவாய் அதற்கு இரண்டு வருஷம் முன்பே மாநிலமாகிவிட்டது. 2008-லேயே சான்றிதழை வெளியிட்டார். "இது சுருக்கச் சான்றிதழ், முழுசா ஒன்று இருக்குமே" என்றார்கள். அதிபராகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2011 ஏப்ரலில், முழுச் சான்றிதழையும் வெளியிட்டார். அதற்கப்புறம் "இது போலி" என்றார்கள். நீங்கள் சொன்ன பட்டாளத்துக்காரர் நோட்டீஸின் பின்பக்கம் எவ்வளவு அடைத்திருந்தாலும் இன்னொரு பக்கம் கேட்டிருப்பார்கள் அண்ணே.

கமலா விஷயம் நமக்கே உறைக்க வேண்டியது. 2020 அக்டோபரில் ஜார்ஜியாவில் ஒரு கூட்டத்தில் டேவிட் பெர்டியூ என்ற செனட்டர் அந்தப் பேரைச் சொல்ல வராத மாதிரி "கமலா-மலா-மலா" என்று இழுத்துக் காட்டினார், கூட்டம் சிரித்தது. மூணு வருஷத்துக்கு மேல் அவரோடு ஒரே அவையில் உட்கார்ந்தவர். செல்லூரில் எங்கள் சந்தில் மட்டும் மூணு கமலா அக்கா உண்டு, பால்காரருக்குக்கூட அந்தப் பேர் ஒருநாளும் குழறியதில்லை. 2024 ஜூலையில் டிரம்ப், அதுவும் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்திலேயே, இவர் இந்தியராகத்தான் இருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்கிற மாதிரி பேசினார். அப்பா ஜமைக்காக்காரர், இவர் பட்டம் வாங்கியதே கறுப்பின மாணவர்களுக்காக உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில்.

வைகைக்கரை:

எல்லாவற்றையும் சாதிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் எல்லாம் சாதியாகத்தான் தெரியும். டெட் குரூஸ் வெள்ளைக்காரராகத்தான் பார்க்கப்படுகிறார். கனடாவில் பிறந்தவர், 2016-ல் அதிபர் வேட்பாளராக முயன்றபோது அவரையும்தான் கேட்டார்கள். ஒபாமா இரண்டு தடவை ஜெயித்தார், அப்புறம் என்ன? டிடிபி அண்ணன் சொன்ன ஊரில் மாமன் மச்சான் ஓட்டு அந்தப் பக்கம் அதிகம், அவ்வளவுதான் கணக்கு. ஊராட்சியில் சொந்தக்காரனுக்குப் போடாமல் யாருக்குப் போடுவான்?

டல்லாஸ் மதுரைக்காரன்:

குரூஸை கேட்டது நிஜம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் உண்மையாகவே கனடாவில் கால்கரியில் பிறந்தவர், கேள்விக்கு ஒரு முகாந்திரம் இருந்தது. கேட்டது தேர்தல் சீசனோடு ஓய்ந்தும் போனது. ஒபாமாவிடம் முகாந்திரமே இல்லாமல் வருஷக்கணக்காகக் கேட்டார்கள்.

"ஜெயித்தாரே" என்பதற்கு இன்னொன்று. 1982-ல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் டாம் பிராட்லி, கறுப்பினத்தவர், ஜெயிப்பார் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லின. நூலிழையில் தோற்றார். கேட்டபோது ஒன்று சொல்லிவிட்டுப் பெட்டியில் வேறு போட்டவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போதிருந்து இங்கே 'பிராட்லி விளைவு' என்றே ஒரு பேச்சு உண்டு. தபால் ஓட்டால்தான் தோற்றார் என்று வாதிடுகிறவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரிட்டயர்ட் வாத்தியார்:

தம்பி வைகைக்கரை, மாமன் மச்சான் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று உங்கள் வயசுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

1996-ல் சுழற்சி முறையில் சில பஞ்சாயத்துகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. நம் மாவட்டத்தில் உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். நிற்பவர் எல்லாரும் தலித்துதான், மாமன் மச்சான் யாருமில்லை. என்ன ஆனது? மனு போட ஆளில்லை. இல்லையென்றால், ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா. இப்படியே 10 வருஷம். 2006 அக்டோபரில், மதுரையில் உதயச்சந்திரன் கலெக்டராக இருந்தபோதுதான் நான்கிலும் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அதேபோல் ஒதுக்கப்பட்ட, மேலூர் பக்கத்து மேலவளவில் தேர்தல் நடந்து முருகேசன் தலைவராகவும் ஆனார். 1997 ஜூன் 30, கலெக்டர் ஆபீஸ் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவரோடு சேர்த்து 6 பேரை வெட்டிக் கொன்றார்கள்.

நான் அப்போது உசிலம்பட்டி பக்கம் வேலை பார்த்தேன். அந்த 10 வருஷத்தில் "படிச்சிருக்கானா, நிர்வாகம் தெரியுமா" என்று ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. வேண்டாம் என்பதற்குச் சாதி ஒன்றே போதுமாக இருந்தது, வெளிப்படையாகவே சொன்னார்கள். இன்று வெளிப்படையாகச் சொன்னால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வரும் என்ற பயம் இருக்கிறது. அதனால் பேச்சு 'தகுதி'க்கு வந்திருக்கிறது. பட்டாளத்துக்காரர் அதற்குத்தான் சான்றிதழ் தேடியிருக்கிறார்.

டிடிபி தம்பிக்கு ஒன்று. அமெரிக்காவில் ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். நம்மூரில் நீயும் நானும் ஒரே கறுப்புதான். அதனால்தான் இங்கே "நீங்க எந்தத் தெரு?" என்று ஒரு கேள்வி தேவைப்படுகிறது.

முன்னாள் பிரசிடென்ட்:

நான் 2019 தேர்தலில் பெண்கள் ரிசர்வ் பஞ்சாயத்தில், எஸ்.சி. பெண்கள், தலைவரானவள். பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது, அதனால் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம்.

ஓட்டு வாங்கும்வரை உள்ளது ஒரு எடை. உட்கார்ந்த பிறகு இருக்கிறது இன்னொன்று. பஞ்சாயத்து செக்கில் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் துணைத் தலைவர் மேலத்தெரு. போர் மோட்டார் காயில் போய்விட்டது, கட்டுகிறவருக்குக் காசு கொடுக்கணும். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் அவர் வீட்டில் ஒன்றரை மாசம் கிடந்தது. கேட்டால் பேத்தி சடங்கு, அப்புறம் அழகர் ஆற்றில் இறங்குகிறார், அப்புறம் கண் ஆபரேஷன். தெருக்குழாயில் தண்ணீர் இல்லை. குடத்தோடு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இதுகளுக்கு நிர்வாகம் தெரியல." அதற்கு முந்தைய தலைவர் காலத்தில் அதே மோட்டார் எட்டு மாசம் ஓடவில்லை. அதற்கு என்ன பேச்சு? "மேல இருந்து பணம் வரல, அவரு பாவம் என்ன செய்வாரு."

இன்னொன்று. பக்கத்துப் பஞ்சாயத்திலும் பெண் தலைவர்தான், அவர் வேற ஆளுக. கிராமசபையில் மைக் பிடித்துப் பேசுவதே அவர் வீட்டுக்காரர். ஊரே அவரைத்தான் பிரசிடென்ட் என்று கூப்பிடும், யாருக்கும் குறையில்லை. என் வீட்டுக்காரர் என்னை யூனியன் ஆபீஸில் வண்டியில் இறக்கிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். அதற்கு எனக்கு வைத்த பேர் பினாமி.

2022-ல் சுதந்திர தினத்துக்கு முன்னால், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக்கூடாது என்று தலைமைச் செயலாளர் எல்லா கலெக்டருக்கும் கடிதம் எழுதினார். நான் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கொடியேற்றப் போனேன். என் சான்றிதழ் அது.

வைகைக்கரை:

அக்கா, துணைத் தலைவர் செக்கை வைத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். கமிஷன் விஷயம், சாதி இல்லை.

முன்னாள் பிரசிடென்ட்:

நடக்கும் தம்பி, இல்லை என்று சொல்லவில்லை. மற்ற ஊரில் துணைத் தலைவரைத் திட்டுவார்கள். எங்கள் ஊரில் என்னைத் திட்டினார்கள்.

சிம்மக்கல் டிடிபி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்த பிறகு, முதலில் எழுதாமல் விட்ட ஒன்றை எழுதிவிடுகிறேன்.

பட்டாளத்துக்காரர் கொடுத்த மேட்டரில் நோட்டீஸின் இடது மேல் மூலையில் அம்பேத்கர் படம் கேட்டிருந்தார். நான்தான், "சார், இது பொதுப் பஞ்சாயத்து, படத்தைப் பார்த்தா ஊருக்குள்ள பாதி ஓட்டு போயிரும், வேணாம்" என்று சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு நம்பினேன். கொஞ்ச நேரம் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிண்ணே, உங்களுக்குத் தெரியும்" என்றார்.

சாயங்காலம் போர்வெல் பையன் நோட்டீஸுக்கு அவர்கள் சாதித் தலைவர் படத்தை நானே என் பழைய ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போட்டேன். அவர் கேட்கக்கூட இல்லை. அந்தப் பக்கத்து நோட்டீஸ் என்றால் அது வரும், அவ்வளவுதான். பாதி ஓட்டு போகும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் அந்த கோரல் டிரா ஃபைலைத் தேடி எடுத்தேன். அடியில் என் அச்சகத்தின் பேர், பிரதிகள் 2,000. அன்றைக்குப் படத்தை அழிக்கவில்லை போலிருக்கிறது, பக்கத்துக்கு வெளியே இழுத்துப் போட்டிருக்கிறேன். திரையில் தெரியும், பிரிண்டில் வராது.

அவர் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. ஊராட்சித் தேர்தல் எப்போது அறிவிப்பார்களோ தெரியவில்லை. அதற்கு முன்னால் கூப்பிடலாமா என்று பார்க்கிறேன், என்ன பேசுவது என்றுதான் பிடிபடவில்லை.