‘தொழிலழைப்பு’ பொருந்துமா? இறையியல் கலைச்சொல் பட்டியலுக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய குழுமத்தாருக்கு, சேலத்திலிருந்து வணக்கம்.

அன்றாட வேலையையே கடவுளின் அழைப்பாக ஏற்கும் கிறிஸ்தவக் கருத்துக்கு ஏற்காட்டுச் சகோதரி முன்மொழிந்த ‘தொழிலழைப்பு’ என்னும் சொல்லில் எனக்குத் தயக்கம் உண்டு. கேட்டவுடன் அது வேலைவாய்ப்பு அறிவிப்பைப் போல ஒலிக்கிறது என்பது சிறிய குறைதான்; அழைப்பவர் யார் என்பது அதில் மறைந்துவிடுவதே பெரிய குறை.

‘இறையழைத்தல்’ நம்மிடம் முன்பே இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கர் பேச்சில் அது பெரும்பாலும் குருத்துவத்தையும் துறவறத்தையும் குறிக்கிறது. சீர்திருத்தச் சபைகளிலும் ‘அழைப்புப் பெற்றவர்’ என்றால் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தவரையே நினைக்கிறோம். ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 16ஆம் நூற்றாண்டில் மறுத்தது இந்தப் பிரிவினையைத்தான். துறவிகளுக்கே உரியதென்று கருதப்பட்ட அழைப்பை அவர் ‘பெரூஃப்’ என்னும் ஜெர்மன் சொல்லால் எல்லாத் தொழில்களுக்கும் விரித்தார். திருமண வாழ்வைப் பற்றி 1522இல் எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு அலசும் தகப்பனையும் அதில் சேர்த்துக்கொண்டார். நம் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைப்பவரையும் நம் சொல் அப்படிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தமிழில் இதற்கு ஓர் ஆபத்து காத்திருக்கிறது. 1 கொரிந்தியர் 7:20, அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலே நிலைத்திருக்கச் சொல்கிறது; அதைத் தனியே எடுத்தால் குலத்தொழிலுக்கு வேதாகமச் சான்று கிடைத்ததாக ஆகிவிடும். 1917இல் நம் சேலம் நகராட்சியின் தலைவரான ராஜாஜி, முதலமைச்சராக 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டம் ‘குலக்கல்வி’ என்று எதிர்க்கப்பட்டு, மறு ஆண்டே காமராஜரால் கைவிடப்பட்டது. அந்த நினைவு உள்ள மண்ணில் ‘தொழில்’ என்னும் சொல்லை அழைப்போடு ஒட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அடுத்த வசனமே, அடிமைக்கு விடுதலை கிடைக்குமானால் அதைப் பற்றிக்கொள்ளச் சொல்வதையும் மறக்கலாகாது. ‘வினையழைப்பு’ என்றால் ஊழ்வினை நுழைந்துவிடும். ‘திருத்தொண்டு’ நாயன்மார் மரபில் தனிப்பொருள் பெற்று நிலைத்த சொல்.

ஆகவே ‘அழைபணி’ என்று முன்மொழிகிறேன். ‘உண்கலம்’ உண்பதற்குரிய கலமாவது போல, அழைக்கப்பட்டதற்குரிய பணி என்று இந்த வினைத்தொகை விரியும். ‘நெசவே அவருடைய அழைபணி’, ‘மருத்துவத்தை அழைபணியாக ஏற்றார்’ என்று வாக்கியத்திலும் இயல்பாக அமர்கிறது.

*

மதிப்பிற்குரிய ஐயா,

ஏற்காட்டிலிருந்து வணக்கம். ‘தொழிலழைப்பு’ என்னும் என் சொல்லை விட்டுவிடுகிறேன். ‘அழைபணி’ என்றதும் இளையவர்களுக்குக் கால் சென்டர் வேலை நினைவுக்கு வரும் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். ‘இறையழைபணி’ என்றால் அந்தக் குழப்பம் தீரும், அழைப்பவர் யார் என்று நீங்கள் கேட்டதற்கும் சொல்லிலேயே விடை கிடைக்கும்.

என் கவலை வேறு. இங்கே காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணுக்கு அந்த வேலை இறையழைபணியா என்று கேட்டால், ஆம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். அதே சொல்லைத் தோட்டத்துக்காரர் சொன்னால், கூலியைப் பற்றிக் கேட்காதே என்பதே அதன் பொருளாகிவிடக்கூடும். அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு 5:4 சொல்கிறது. அழைப்பு வேலை செய்பவருக்கு மட்டுமன்று, வேலை கொடுப்பவருக்கும் உண்டு என்பது விளக்கத்தில் இல்லையென்றால் சொல் எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை. சமையலும் முதியோரைப் பேணுவதும் கூலியில்லா வேலைகள். அவையும் விடுபடக் கூடாது.

பட்டியலுக்கு இப்படி எழுதலாமா என்று பாருங்கள்: ‘இறையழைபணி: கூலி உள்ளதும் இல்லாததுமான எந்த நேர்மையான வேலையையும், அயலாருக்குப் பயன்படும்படி கடவுள் தம்மை அழைத்த இடமாக ஏற்றுச் செய்வது, பிறப்பால் விதிக்கப்படுவதன்று, மாற்றிக்கொள்ளத்தக்கது.’