சொருகியதும் 'உஸ்' என்று கேட்கிறதா? எஞ்சின் ஹீட்டர் அனுபவங்கள்

வின்னிபெக்_வாசி:

பிளாக் ஹீட்டர் தெரியாதவர்களுக்கு: நிறுத்தி வைத்த காரின் எஞ்சின் குளிரில் விறைக்காமல் கரன்டில் சூடாக்கும் கருவி அது, காரின் முன்னால் தொங்கும் அதன் வயரை பிளக்கில் சொருக வேண்டும். அது எனக்கு இங்கே கனடாவில் முதல் குளிர்காலம். ஜனவரி, மைனஸ் 34. பழைய கார் வாங்கி மூன்று வாரம். "ராத்திரி சொருகிவிடுங்கள், காலையில் கவலையே இல்லை" என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஒரு நாள் விடாமல் சொருகினேன். அன்றைக்குக் காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பனி அள்ளிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை அப்படியே நட்டுவிட்டு வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். வயரைப் பிடுங்கினார். என்னைக் குனிந்து எஞ்சின் பக்கம் காது வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி சொருகினார். ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் கையைப் பிடித்துத் தன் காருக்கு அழைத்துப் போனார். அங்கேயும் அதேபோல் பிடுங்கிச் சொருகினார். உள்ளே எங்கோ ஆழத்தில் 'உஸ்ஸ்...' என்று மெல்லிய சத்தம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதை அடுத்த அறையிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட் திரவம் சூடேறத் தொடங்கும் சத்தம் அது. என் காரின் ஹீட்டர் எத்தனை வருடம் முன்னால் செத்ததோ, மூன்று வாரமும் நான் அதற்குத்தான் வயர் சொருகியிருக்கிறேன்.

அடுத்த வருடம் அவர் பிள்ளைகள் அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். இப்போதும் சொருகியதும் குனிந்து கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்குமா?

சஸ்கட்டூன்_மூன்றாம்மாடி:

கேட்கும். ஆனால் என் விஷயம் வேறு. எங்கள் குடியிருப்பில் ஹீட்டர் சொருக இரண்டு காருக்கு ஒரு கரன்ட் கம்பம், ஒரே பெட்டியில் இரண்டு பிளக். அன்று தாமதமாகிவிட்டது. பிடுங்க மறந்து ரிவர்ஸ் எடுத்துவிட்டேன். ஒரு வெட்டு வெட்டியது. இறங்கிப் பார்த்தால் என் வயர் அறுந்து கிடக்கிறது, கம்பத்துப் பெட்டியே பெயர்ந்து தொங்குகிறது. பக்கத்து இடத்துக் காரின் வயரும் அதில்தான் சொருகியிருந்தது. அதில் கரன்ட் இல்லை. மணி ஐந்தரை. அந்தக் கார்க்கார அம்மா ஏழு மணிக்குத்தான் இறங்குவார். எந்த வீடு என்றும் தெரியும், 108. கதவைத் தட்டவில்லை. வேலைக்குப் போய்விட்டேன். சாயந்தரம் வந்தபோது அந்தக் கார் அதே இடத்தில், மேலே பனியோடு நின்றது.

எட்மன்டன்_ஸ்பேனர்:

பதினெட்டு வருடமாக இங்கே கார் பழுது பார்க்கிறேன். முதலில் என் கதை. ஒருவர் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று காரை இழுத்து வந்தார். ஹீட்டர் நன்றாக இருந்தது. முன்னால் தொங்கும் பிளக்கின் இரண்டு பித்தளை முனைகளும் சாலை உப்பில் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன. ஐந்து நிமிட வேலை. அவர் அன்று ஒரு நேர்காணலைத் தவறவிட்டிருந்தார்.

வின்னிபெக் தம்பிக்கு: காதை நம்பாதீர்கள். எஞ்சின் ஆயில் தேங்கும் சட்டிக்கு அடியில் ஒட்டும் வகை ஹீட்டருக்குச் சத்தமே கிடையாது. மல்டிமீட்டரை (கரன்ட் அளக்கும் கருவி) வைத்து பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே ஓம், அதாவது மின்தடை, பாருங்கள். இங்கே 120 வோல்ட். 400 வாட் ஹீட்டர் என்றால் 36 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. அப்புறம், ராத்திரி முழுக்கச் சொருகுவது வீண். மூன்று மணி நேரம் போதும், அதற்குமேல் எஞ்சின் சூடு பெரிதாக ஏறாது. டைமர் வாங்குங்கள். 400 வாட்டைப் பத்து மணி நேரம் ஓட்டினால் 4 யூனிட், மூன்று மணி நேரம் என்றால் 1.2 யூனிட். எக்ஸ்டென்ஷன் வயர் வெளியில் போடுவதற்கென்று இருப்பதாக, 14 கேஜ் தடிமனில் வாங்குங்கள். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் மெல்லிய வயரைப் போட்டால் அது சூடாகி உருகும், தீப்பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். நுனியில் சின்ன விளக்கு எரிகிற வயர் கிடைக்கிறது, கரன்ட் வருகிறதா என்று அதிலேயே தெரியும். முக்கியமான ஒன்று: ஹீட்டர் பாட்டரியைச் சூடாக்காது. மைனஸ் 18 வந்தால் பாட்டரியின் பலம் பாதியளவுக்கு இறங்கிவிடும். ஐந்து வயது தாண்டிய பாட்டரியை அக்டோபரிலேயே சோதித்துவிடுங்கள். ஆயிலும் கடுங்குளிரில் கெட்டியாகாத 0W வகை போடுங்கள், அதைவிடக் கெட்டியான 10W இந்த ஊருக்கு ஆகாது.

சஸ்கட்டூன்காரருக்கு: சொருகியதும் வயரின் நடுப்பகுதியை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்று சுற்றுங்கள். மறக்கவே முடியாது.

ரெஜைனா_2009:

ஸ்பேனர் அண்ணா, டைமர் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். மைனஸ் 38 அன்று எனக்குத் துரோகம் செய்ததே அந்த டைமர்தான். சக்கரம் சுற்றும் பழைய வகை. ராத்திரி இரண்டரை மணி நேரம் கரன்ட் போனது, எங்களுக்குத் தூக்கத்தில் தெரியாது. கரன்ட் போனால் அந்தச் சக்கரமும் நின்றுவிடும். நாலு மணிக்கு ஓட வேண்டிய ஹீட்டர் ஆறரைக்குத்தான் ஓடியது, நான் கிளம்பும் நேரம் ஏழு. பின் இருக்கையில் குழந்தை, கையில் மருத்துவமனைச் சீட்டு. முன்கண்ணாடியின் உட்பக்கம் எங்கள் மூச்சே பூப்பூவாக உறைந்ததைப் பார்த்துக்கொண்டு டாக்ஸிக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தோம். மைனஸ் 30க்குக் கீழே போனால் இனி ராத்திரி முழுக்கத்தான். மூன்று யூனிட் அதிகமானால் ஆகட்டும்.

எட்மன்டன்_ஸ்பேனர்:

அது டைமரின் தவறு இல்லை, வகையின் தவறு. உள்ளே பாட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் கரன்ட் போனாலும் நேரம் தவறாது.

வடகடல்:

நான் நோர்வே. 1989இல் வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த ஆட்களில் ஒருவன். கரையோரத்தில் கடல் உறையாது, குளிரும் தாங்கக்கூடியது. அதனால் மோட்டார்வார்மர் (பிளாக் ஹீட்டருக்கு இங்கே அதுதான் பெயர்) எங்களுக்கு அவசியமாகத் தெரியவில்லை. காராஷ்யோக்கில் ஒரு நண்பரைப் பார்க்க இரண்டு பேர் போனோம். அது உள்நாடு, நோர்வேயிலேயே ஆகக் குளிர்ந்த இடம், 1886இல் மைனஸ் 51.4 பதிவான ஊர். நண்பர் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி 'சாமி' (Sámi) என்ற வடபுலப் பழங்குடியைச் சேர்ந்த பெண்மணி. எங்கள் காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். பிளக் இல்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். குசினி யன்னலைத் திறந்து ஒரு வயரை வெளியே விட்டார், இடைவெளியில் கம்பளித் துணியை அடைத்தார். வயரின் மறு நுனியில் சின்ன மின்விசிறி ஹீட்டர். அதை எஞ்சினுக்குக் கீழே ஒரு மரப்பலகையில் வைத்து, பானெட்டின் மேல் தன் வீட்டுப் போர்வை இரண்டைப் போட்டார். நாங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. விடிய கார் ஸ்டார்ட் ஆனது. குசினி அந்த இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்ததை நான் காலையில் தேநீர் குடிக்கும்போதுதான் உணர்ந்தேன். அவர் கோட்டோடு நின்றுதான் தேநீர் ஊற்றினார்.

எட்மன்டன்_ஸ்பேனர்:

எஞ்சினுக்கு அடியில் விசிறி ஹீட்டரை வைக்கவே கூடாது. ஆயில் சொட்டினால் தீ. யாரும் செய்து பார்க்காதீர்கள்.

பழைய_சக்திமான்:

அண்ணே, அவர் செய்யச் சொல்லி எழுதவில்லை. நான் ராணுவத்தில் லாரி ஓட்டியவன், லடாக்கில் லே பக்கம் இரண்டு குளிர்காலம். எங்களிடம் சொருகுவதற்குப் பிளக்கும் இல்லை, கரன்டும் இல்லை. டீசல் மெழுகு மாதிரி கட்டிப்போகும், மண்ணெண்ணெய் கலப்போம். ராத்திரி முறை வைத்து இரண்டு மணிக்கு ஒருமுறை எஞ்சினை ஓட்டி வைப்போம். அப்படியும் நின்றுபோனால் அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சூடு காட்டுவோம். ஆபத்து என்று தெரியும், வேறு வழி இல்லை. தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் ஸ்டவ்வின் அடைப்பை எடுக்க ஊசி குத்தக் கையுறையைக் கழற்றினான். அதே கையால் ஸ்பேனரை எடுத்தான். அவன் கத்தியது மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஸ்பேனரை விளக்கில் பிடித்துப் பார்த்தபோது அவன் இரண்டு விரலின் தோல் அதில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. இப்போது மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை 2019 முதல் லடாக்குக்குத் தருகிறார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த ஸ்பேனர்தான் ஞாபகம் வந்தது.

சஸ்கட்டூன்_மூன்றாம்மாடி:

ஸ்பேனர் அண்ணா, கண்ணாடியில் வயர் சுற்றும் பழக்கம் அன்றைக்கே வந்துவிட்டது. பெட்டிக்கான பணத்தையும் கட்டிவிட்டேன். நான் எழுதியது அதற்காக இல்லை. அந்த அம்மா கம்பத்தில் கரன்ட் போனதாகத்தான் நினைத்திருக்கிறார். மறுநாள் லிஃப்டில் என்னைப் பார்த்து, "உன் காராவது ஸ்டார்ட் ஆனதா?" என்று கேட்டார். ஆனது என்றேன். "நல்லவேளை" என்றார். இரண்டு வருடம் ஆகிறது. அவர் இன்னும் 108இல்தான் இருக்கிறார்.