உறுதியில (காணிப் பத்திரத்தில) கிடந்த காணிப் பெயருகளை மப்பில ஏத்தின அனுபவம் – உங்கட ஊரில என்ன செய்தனீங்கள்?

யாழ்ப்பாணத்தில கோப்பாய், கொக்குவில், சாவகச்சேரி எண்டுற பெரிய பெயருகள் எங்கயும் போகாது, பஸ் போர்ட்டிலயே இருக்கு. நான் எழுத வந்தது அதுக்குக் கீழ இருக்கிற பெயருகளைப் பற்றி. குறிச்சிக்குள்ள இருக்கிற சின்னச் சந்தி, ஒழுங்கை, கேணி, மாடு தண்ணி குடிக்கிற குளம், தோட்டத்தரை, அதோட ஒவ்வொரு காணிக்கும் இருக்கிற பெயர். வெளி மாவட்ட ஆக்களுக்கு இது புதினமா இருக்கும், யாழ்ப்பாணத்தில ரெண்டு பரப்பு (பரப்பு எண்டது எங்கட காணி அளவு) வளவுக்கும் ஒரு பெயர் இருக்கும், உறுதியில அதை எழுதிப்போட்டுத்தான் எத்தினை பரப்பு, எல்லை என்ன எண்டு வரும்.

எங்கட காணி மயிலிட்டிப் பக்கம். 1990இல வலிகாமம் வடக்கால வெளிக்கிட்ட சனம் நாங்கள். 2017 ஆடியில ஆமிக்காரர் துறைமுகத்தோட ஒரு பகுதியை விட்டவை, பிறகும் துண்டு துண்டா விட்டவை. உள்ளுக்குப் போய்ப் பாத்தா வேலி இல்லை, மதில் இல்லை, ஒழுங்கை எது வளவு எது எண்டு பிரிக்கேலாது, முழுக்கப் பத்தை. மிஞ்சினது கிணறுகள்தான், அதுகளும் கனக்கத் தூர்ந்துபோச்சு. பக்கத்துக் காணிக்காரரோட எல்லை கதைக்கேக்க எல்லாற்ற கையிலயும் உறுதி இருக்கு, உறுதியில பெயரும் இருக்கு, ஆனா அந்தப் பெயர்க் காணி எந்த இடத்தில வருது எண்டு காட்ட ஆக்கள் இல்லை, தெரிஞ்சவை கனபேர் இடம்பெயர்ந்த இடத்திலயே செத்துப் போயிட்டினம், மிச்ச ஆக்கள் கனடாவில, லண்டனில.

அதுக்காகத்தான் ஓப்பன் ஸ்ட்ரீட் மப் எண்டுற இணைய வரைபடத்தில தொடங்கினனாங்கள். அது 2004இல வந்தது, ஆரும் ஒரு எக்கவுண்ட் திறந்து எழுதலாம், காசில்லை, ப்ரவுசருக்குள்ளயே சற்றலைற் படத்தை விரிச்சு வச்சு இடத்தில ஒரு புள்ளி குத்திப் பெயரைப் போடுறதுதான். தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம், பழைய பெயருக்கு ஒண்டு, ஊருக்குள்ள மட்டும் கதைக்கிற பெயருக்கு ஒண்டு எண்டு பிரிச்சு வச்சிருக்கினம். ஆருக்கு வேணுமெண்டாலும் தரவு முழுக்க இறக்கி எடுத்து வச்சிருக்கலாம், ஒரு கொம்பனி மூடினா எங்கட பெயருகளும் சேந்து போயிரும் எண்ட பயம் இல்லை. எனக்கு அதுதான் பெரிய விசயம்.

அம்மாவையும் கனடாவில இருக்கிற பெரியம்மாவையும் வட்ஸ்அப்பில சேத்து வச்சுக்கொண்டுதான் வேலை செய்தம். முதல் சற்றலைற் படத்தைக் காட்டி இது என்ன இடம் எண்டு கேட்டா ரெண்டு பேருக்கும் ஒண்டும் பிடிபடேல்லை, வானத்தில நிண்டு ஊரை ஆர் பாத்தது? பேந்து கேள்வியை மாத்தினம். பள்ளிக்கூடம் விட்டு வீட்டை வாற வழியைச் சொல்லுங்கோ எண்டன். பெரியம்மா உடன தொடங்கிட்டா. "வாசலால இறங்கி வடக்க வந்தா இத்தியடி, அதில நிழலுக்கு நிப்பம், அங்கால நாவலடித் தோட்டம், வெங்காயம் நட்டிருப்பினம், வரம்பால நடந்தாக் கலட்டி, செருப்பில்லாட்டிக் கால் கிழியும், அதைத் தாண்டினா எங்கட பூவரசடி." அம்மா இடையில, "இல்லையக்கா, கலட்டிக்கு முதல் கேணியெல்லோ வரும்" எண்டா. ரெண்டு பேருக்கும் அதில கொழுவல், ஒராள் மாடு குளிப்பாட்டினதைச் சொல்ல மற்றவ ஆரோ பெடியன் விழுந்ததைச் சொல்ல, கடைசியாக் கேணி எந்தப் பக்கம் எண்டு முடிவாச்சு. அந்த இடத்தைப் பெருப்பிச்சுப் பாத்தா பத்தைக்குள்ள சதுரமா ஒரு பள்ளம் தெரியுது. அம்மா போனைக் கையில வாங்கி அதையே பாத்துக்கொண்டிருந்தவ.

பெரியம்மாவைத் தேடிப் பிடிச்சதுக்குக் காரணம் இருக்கு, இதை வடிவாக் கேளுங்கோ. எங்கட பக்கம் காணி பூமி பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சீதனமாப் போறதுதான் வழமை. அந்த வழமையைத்தான் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1707இல தேசவழமைச் சட்டமா எழுத்தில கொண்டு வந்தவை. அம்மம்மான்ர காணி அம்மாவுக்கு, அம்மான்ர காணி மகளுக்கு, ஆம்பிளையள் கலியாணம் கட்டி மனுசி வீட்டை போயிருவினம். அப்ப வளவின்ர பெயர் என்ன, கிணத்துப் பங்கு ஆருக்கு, வழிவாய்க்கால் எதால போகுது எண்டதெல்லாம் பொம்பிளையளிட்டத்தான் தொடர்ந்து வருது. ஊர் வரலாறு எழுத வெளிக்கிடுற பெடியள் விறாந்தையில இருக்கிற அப்புவிட்டக் கேட்டுப்போட்டு வந்திருவாங்கள், குசினிக்குள்ள இருக்கிற ஆச்சியிட்ட ஒருத்தரும் கேக்கிறேல்லை. தயவுசெய்து ஆச்சியிட்டக் கேளுங்கோ.

அம்மம்மான்ர சீதன உறுதியை ஸ்கான் பண்ணிப் பக்கத்தில வச்சிருந்தம். "இதற்கெல்லை கிழக்கு ஒழுங்கை" எண்டு தொடங்கி வடக்கு இன்னாரின்ர ஆதனம், மேற்கு கையொழுங்கை எண்டு போய், "இதிலடங்கிய வீடு கிணறு வான்பயிர் செய்பயிர்" எண்டு முடியும். பக்கத்துக் காணிக்காரற்ற உறுதியும் கிடைச்சா எங்கட கிழக்கு அவையின்ர மேற்கு, அப்பிடியே கோத்துக்கொண்டு போகலாம். மப்பில இடத்தை அளந்தும் பாக்கலாம், 16 பரப்பு ஒரு ஏக்கர், வயலெண்டா 24. ஆனா ஆக்களின்ர பெயரோ உறுதி இலக்கமோ ஒண்டும் மப்பில போடேல்லை, போடவும் கூடாது. காணிப் பெயர் மட்டும்.

இனி நீங்கள் சொல்லுங்கோ.

தீவகத்துப் பிள்ளை:
எனக்குப் புங்குடுதீவு. நெதர்லாந்து தேசிய சுவடிக்கூடத்தில ஒல்லாந்தக் கொம்பனிக் காலத்து மப்புகள் ஒன்லைனில இருக்கு, கிட்டக் கொண்டு வந்து பாக்கலாம். அந்தக் காலத்தில எங்கட தீவுக்கு மிடில்பர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், இப்ப காரைநகர் எண்டுற காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், வேலணைக்கு லெய்டன். 1658இல இருந்து 1795 மட்டும் ஆண்டிருக்கிறாங்கள், நெடுந்தீவுக்கு வச்ச டெல்ஃப்ட் மட்டும்தான் இண்டைக்கும் இங்கிலீசில நிக்குது, மற்றதெல்லாம் எங்கட சனம் வாயிலயே எடுக்கேல்லை.

ஆனா நான் சொல்ல வந்தது கடலைப் பற்றி. எங்கட அப்பா தொழிலுக்குப் போன ஆள். கரைவலை இழுக்கிற இடத்துக்கு, பாடு எண்டு சொல்லுவம், பெயர் இருக்கு, தண்ணிக்குள்ள இருக்கிற பாருக்கு (கற்பாறைத் திட்டுக்கு) பெயர் இருக்கு, எந்தக் கோயில் கோபுரமும் எந்தப் பனங்கூடலும் நேர வந்தா அந்தப் பாருக்கு மேல நிக்கிறம் எண்டு கணக்கிருக்கு. தரையில புள்ளி குத்துற மாதிரிக் கடலிலயும் குத்தலாம்தானே. அப்பாவோட வள்ளத்தில போய் ஜிபிஎஸ் எடுத்து வச்சிருக்கிறன். இப்ப ஓடுற இளம் பெடியள் கருவியைப் பாத்து ஓடுறாங்கள், அது நல்லதுதான், ஆனா அவங்களுக்கு அந்த இடம் ஒரு நம்பர், அப்பாவுக்கு அது ஒரு பெயர். ஒரு விசயம், மீன் படுற இடத்தை எல்லாருக்கும் தெரியப் போடலாமோ எண்டு மீன்பிடிச் சங்கத்தில கேட்டுப்போட்டுத்தான் போடுங்கோ, அது ஆக்களின்ர சோறு.

நல்லூரான்:
நான் நூலகம் வெப்சைட்டில தேடுறனான், 2005இல இருந்து நடக்குது. புத்தகம் மட்டுமில்லை, கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட மலர், ஆக்கள் செத்து 31ஆம் நாள் குடுக்கிற அந்தியேட்டிக் கல்வெட்டு (கல்லில வெட்டினதில்லை, சின்ன நினைவுப் புத்தகம்) எல்லாம் ஸ்கான் பண்ணி ஏத்தியிருக்கினம். கல்வெட்டை லேசா நினைக்காதேங்கோ, செத்தவரின்ர வமிசம் எழுதேக்க எந்தக் குறிச்சியில பிறந்து எந்த வளவில கலியாணம் கட்டினவர் எண்டு ஊர்ப் பெயர் எல்லாம் வரும். 1981இல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியேக்க 97,000 அளவில புத்தகமும் ஏடும் போச்சு, வீட்டுப் பெட்டகத்துக்குள்ள கிடந்த இந்த மாதிரிச் சின்னப் புத்தகங்கள்தான் மிஞ்சினது. உங்கட வீட்டில இருந்தா எறியாம நூலகம் வெப்சைட் ஆக்களிட்டக் குடுங்கோ.

தேடுறவைக்கு ஒண்டு. சில புத்தகத்துக்கு 'எழுத்துணரியாக்கம்' எண்டு ஒரு இணைப்பு இருக்கும், அதைத் திறந்தா எழுத்தாத் தேடலாம், ஆனா பழைய அச்சில ளகரம், ழகரம், கொம்பு எல்லாம் மாறி விழும், அதால பெயரின்ர ஒரு பாதியை மட்டும் போட்டுத் தேடுங்கோ. இங்கிலீசு ஆவணமெண்டா 1816இல வந்த அமெரிக்க மிசன்காரர் எழுதின மாதிரித் தேடோணும், வட்டுக்கோட்டையைப் பட்டிக்கோட்டா எண்டும் தெல்லிப்பழையைத் தில்லிப்பள்ளி எண்டும் எழுதியிருக்கிறாங்கள், இப்பத்தைய ஸ்பெல்லிங்கில போட்டா ஒண்டும் வராது.

இன்னொண்டு, இது முக்கியம். பழைய குறிச்சிப் பெயருகளில சாதியை வச்சுக் கூப்பிட்ட பெயரும் இருக்கு. அங்க இருக்கிற சனம் அதை வேண்டாமெண்டு போராடி மாத்தி வச்ச பெயர் இருந்தா அதைத்தான் போடோணும். பழைய உறுதியில இருக்கு எண்டு சொல்லி வெளியில இருக்கிற ஒராள் அதைத் திருப்பி மப்பில எழுதுறது அநியாயம்.

இழையைத் தொடங்கினவர்:
நல்லூரான் சொன்னதோட முழுக்க ஒத்துக்கொள்ளுறன். எங்கட பக்கமும் அப்பிடி ஒரு இடம் இருந்தது, அந்தக் குறிச்சி ஆக்களிட்டயே போய்க் கேட்டம், அவை சொன்ன பெயரைத்தான் போட்டிருக்கு. பழையதை எந்தக் கட்டத்திலயும் எழுதேல்லை.

கடல் விசயம் எனக்கு யோசிச்சே பாக்காத ஒண்டு, தங்கச்சி, அப்பா சொல்லேக்க குரலையும் பதிஞ்சு வையுங்கோ, பாடுகளின்ர பெயரை அவர் இழுத்துச் சொல்லுற மாதிரி எழுத்தில வராது. வலிகாமம் வடக்கு ஆக்கள் ஆராவது இருந்தா, மயிலிட்டிக்கும் கட்டுவனுக்கும் இடையில ஒரு பெரிய பகுதி எங்கட மப்பில இன்னும் வெறுமையா இருக்கு. அந்தப் பக்கத்து அம்மாமார், ஆச்சிமார் எந்த நாட்டில இருந்தாலும் பரவாயில்லை, கதைக்கேலுமெண்டாத் தொடர்பு ஏற்படுத்தித் தாங்கோ. கனடா ஆக்களெண்டா எங்களுக்கு விடியப்புறம் எழும்பிக் கதைக்கிறதில பிரச்சினை இல்லை.