அமைலேஸ் இயல்பை ஒட்டி, லைப்பேஸ் பத்து மடங்கு: திடீர் கணைய அழற்சி என்று உறுதி செய்யலாமா?

கேள்வி: தென்றல்வாசி

என் அண்ணனுக்கு மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரை பாயும் கடும் வலி ஏற்பட்டது. வாயுப் பிடிப்பு என்று எண்ணி வீட்டிலேயே காலம் கடத்திவிட்டு, வாந்தி நிற்காமல் போகவே நான்காம் நாள் மருத்துவமனைக்குச் சென்றோம். இரத்தப் பரிசோதனையில், கணையம் சுரக்கும் செரிமான நொதிகளான இவை இரண்டில், அமைலேஸ் 138 (அந்த ஆய்வகத்தின் உச்ச வரம்பு 110), லைப்பேஸ் 612 (உச்ச வரம்பு 60) என்று வந்தது. அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. குடலில் வாயு நிறைந்திருந்ததால் கணையத்தைச் சரியாகப் பார்க்க இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுக்காமலேயே திடீர் கணைய அழற்சி என்று கூறி அனுமதித்துவிட்டார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள். ஒரே உறுப்பிலிருந்து வரும் இரு நொதிகளில் ஒன்று இயல்பை ஒட்டியும் மற்றொன்று பத்து மடங்காகவும் இருந்தால் எதை நம்புவது? மறுநாள் லைப்பேஸ் 350 ஆகக் குறைந்தது. ஆனால் வலி குறையவில்லை. மீண்டும் பார்க்கச் சொன்னால் தேவையில்லை என்கிறார் மருத்துவர். பாதி குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1: சோதனைக்குழாய்

ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். நீங்கள் சென்ற நாளைக் கவனியுங்கள். அமைலேஸ் சில மணி நேரத்தில் ஏறி, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் இயல்புக்குத் திரும்பிவிடும். லைப்பேஸோ முதல் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, ஒன்று அல்லது இரண்டு வாரம் வரை உயர்ந்தே இருக்கும். நான்காம் நாள் எடுத்த இரத்தத்தில் ஒன்று இறங்கி மற்றொன்று நிற்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. மேலும், அமைலேஸ் கணையத்துக்கு மட்டும் உரியதன்று, உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்தும் வருவது. ஆகவே இந்த நோயைப் பொறுத்தவரை லைப்பேஸுக்கே முன்னுரிமை. இரண்டையும் சேர்த்துக் கேட்பதால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து, வழக்கம் விட்டபாடில்லை.

ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு மாறும் என்பதால், வெறும் எண்ணை வைத்து ஒப்பிடாமல் உச்ச வரம்பின் எத்தனை மடங்கு என்று பாருங்கள். சில நேரம் சுழற்றி எடுத்த குழாயில் சீரம் (இரத்த அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதி) தெளிவாக நிற்காமல் பால் போல் வெளுத்து நிற்கும். அது மிகையான ட்ரைகிளிசரைடின் (இரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) அடையாளம். அத்தகைய இரத்தத்தில் அமைலேஸ் பொய்யாக இயல்பு என்று காட்டக்கூடும். மாதிரியை நீர்த்துப் பார்த்தால்தான் உண்மையான அளவு வெளிப்படும்.

மறுமொழி 2: இரவுப்பணி மருத்துவர்

நேரில் பார்க்காத நோயாளியைப் பற்றி முடிவு சொல்ல இயலாது. பொதுவான முறையை விளக்குகிறேன். இந்த நோய்க்கென மருத்துவர்கள் பின்பற்றும், 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறையின்படி மூன்றில் இரண்டு பொருந்தினால் நோய் உறுதி: இதற்கே உரிய வயிற்று வலி, உச்ச வரம்பின் மூன்று மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்த அமைலேஸ் அல்லது லைப்பேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றங்கள். நீங்கள் எழுதியதில் முதல் இரண்டும் இருக்கின்றன. சி.டி. எடுக்காததைக் குறையாகக் கருத வேண்டாம். தொடக்கத்திலேயே எடுத்தால் திசு அழிவு முழுமையாகத் தெரியாமல் போகலாம் என்பதால், நோய் உறுதியான இடத்தில் அதைத் தேவைப்படும்போது எடுப்பதே வழக்கம்.

இரண்டாம் ஐயத்துக்கு விடை: எடுத்துக்கொள்ளக் கூடாது. லைப்பேஸின் அளவு நோயின் கடுமையைக் காட்டுவதில்லை. 3000 வந்தவர் சில நாள்களில் நலமாகி வீடு திரும்புவதும், 250 வந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதும் உண்டு. அதனால்தான் தினமும் பார்க்கத் தேவையில்லை என்கிறார் உங்கள் மருத்துவர். அவர் உற்றுப் பார்ப்பவை வேறு: சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுகளான யூரியாவும் கிரியேட்டினினும் ஏறுகின்றனவா, ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 44 விழுக்காட்டுக்கு மேலேயே நின்று உடலில் நீர் வற்றுவதைக் காட்டுகிறதா, கால்சியம் சரிகிறதா, வலி தொடங்கி 48 மணி நேரம் கழிந்த பிறகு அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி. லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்பவை. இவற்றோடு மூச்சு, நாடித்துடிப்பு, சிறுநீரின் அளவு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் கடுமை கணிக்கப்படுகிறது. சிறுநீரகம், நுரையீரல், இதய இரத்த ஓட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று செயலிழந்து 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், லைப்பேஸ் எதுவாக இருந்தாலும் அது கடும் நோயே.

மறுமொழி 3: மறுபக்கம்

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. எங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு வலியே இல்லாதபோது லைப்பேஸ் மூன்று மடங்குக்கு அருகில் வர, பதறிப்போனோம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இவ்வாறு உயர்வது உண்டு என்று பின்னர்தான் விளக்கினார்கள். குடலடைப்பு, குடலில் ஓட்டை, பித்தப்பை அழற்சி, நீரிழிவுக் கீட்டோஅமிலத்தன்மை (நீரிழிவு மிகுந்து இரத்தத்தில் அமிலம் சேரும் நிலை) ஆகியவற்றிலும் இது உயரலாமே? அப்படியானால் ஓர் எண்ணை வைத்து நோயைச் சொல்வது எப்படிச் சரியாகும்?

மறுமொழி 4: இரவுப்பணி மருத்துவர்

சரியான கேள்வி. மூன்றில் இரண்டு என்ற விதியின் நோக்கமே அதுதான். வலி இல்லாதவரிடம் இந்தப் பரிசோதனையைக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. 2017இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் திறனாய்வில், மூன்று மடங்கு என்ற அளவுகோலை வைத்தபோது, உண்மையில் நோய் இருந்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரை இப்பரிசோதனைகள் தவறவிட்டன. நோய் இல்லாதவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருப்பதாகக் காட்டின. எனவே வலி மாறாதிருந்து லைப்பேஸ் இயல்பாக வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

தென்றல்வாசி அவர்களே, கல்லீரல் நொதிகளின் அறிக்கை இருந்தால் அவற்றுள் ஒன்றான ஏ.எல்.டி. எவ்வளவு என்று பாருங்கள்.

தென்றல்வாசி

மிக்க நன்றி. ஏ.எல்.டி. 212, பிலிரூபின் 2.1. ட்ரைகிளிசரைடு 240. கிரியேட்டினின் இயல்பாக இருக்கிறது, யூரியா நேற்றைவிடக் குறைந்திருக்கிறது.

மறுமொழி 5: இரவுப்பணி மருத்துவர்

ஏ.எல்.டி. 150ஐத் தாண்டினால் பித்தக்கல்லே காரணம் என்ற எண்ணம் வலுக்கும். ஸ்கேனும் அதையே சொல்கிறது. நோயை உண்டாக்கும் ட்ரைகிளிசரைடு பொதுவாக 1000க்கு மேல் இருக்கும். ஆனால் உண்ணாமல் இருக்கும்போது அது விரைவில் இறங்கிவிடும் என்பதால், நலமான பிறகு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. யூரியா குறைவது நல்ல அறிகுறி. இனி பிலிரூபினை (பித்தத்தில் உள்ள மஞ்சள் நிறமி) கவனியுங்கள்: அது ஏறிக்கொண்டே போய், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் கண்டால் பித்த நாளத்தில் கல் அடைத்துக் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கலாம். அந்நிலையில் எண்டோஸ்கோப்பி வழியாக அடைப்பை உடனே நீக்க வேண்டியிருக்கும். எனவே காய்ச்சல் கண்டவுடன், இரவாக இருந்தாலும், பணியில் உள்ள செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.