மறு: ஆக்யுபேஷன் = ஆக்கிரமிப்பு? (மேற்குக் கரை, காசா பாடக்குறிப்பு)

வணக்கம் நண்பர்களே,

இரண்டு நாளாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். சட்டம் படிக்கும் மாணவர்களுக்காக இஸ்ரேல்–பாலஸ்தீனச் சிக்கல் பற்றிய குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதுதான், ஆக்யுபேஷன் (occupation) என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று மாட்டிக்கொண்டேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆக்கிரமிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

கோவை நண்பரின் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சொல் எல்லோருக்கும் தெரிந்திருப்பதில்தான் சிக்கலே. ஏரிக்குள் வீடு கட்டினால் ஆக்கிரமிப்பு. நடைபாதையில் கடை போட்டால் ஆக்கிரமிப்பு. ஒரு நாடு இன்னொன்றின் மீது படையெடுத்தால் அதுவும் ஆக்கிரமிப்பு. படையெடுத்த நாடு ஐம்பது, அறுபது ஆண்டுகள் அங்கேயே இருந்து ஆட்சி செய்தாலும் ஆக்கிரமிப்புதான். சட்டம் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. படையெடுப்பு என்பது ஒரு செயல், அதற்குத் தனிக் குற்றப் பெயர் உண்டு. நாம் பேசுவது அதற்குப் பிறகு வரும் நிலையை. போர் பற்றிய 1907 ஹேக் விதிகளின் 42-ஆவது பிரிவின்படி, ஒரு நிலப்பகுதி எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் உண்மையிலேயே வந்துவிட்டால் அந்த நிலை தொடங்கிவிடுகிறது. போரை யார் தொடங்கினார்கள், நியாயம் யார் பக்கம் என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்பதில்லை. நிலம் இப்போது யார் கையில் என்று மட்டும்தான் கேட்கிறது.

கையில் வைத்திருப்பவருக்கு உடனே கடமைகள் வந்துவிடுகின்றன. அங்கே ஏற்கெனவே உள்ள சட்டங்களை இயன்றவரை மதிக்க வேண்டும். மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தன் குடிமக்களை அந்த நிலத்தில் கொண்டுவந்து குடியமர்த்தக் கூடாது. கடைசியாகச் சொன்னது 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 49-ஆவது பிரிவு. இன்று மேற்குக் கரையிலும் கிழக்கு எருசலேமிலும் ஏறத்தாழ 7 லட்சம் இஸ்ரேலியர்கள் குடியேறியிருக்கிறார்கள். அது குறித்த சட்ட வாதம் பெரும்பாலும் இந்தப் பிரிவைச் சுற்றித்தான் நடக்கிறது. "ஆக்கிரமிப்பு" என்று எழுதினால் கண்டனம் வாசகருக்குப் போய்ச் சேரும். ஆனால் கடமை என்று ஒன்று இருப்பது தெரியாது. ஆக்கிரமிப்பாளருக்கு என்ன கடமை, இடத்தைக் காலி செய்வதைத் தவிர?

> நடுநிலையான சொல் தேடுவது அங்கே படும் பாட்டை மறைப்பதாகாதா? எங்களுக்கு இது வெறும் சொல் இல்லை.

யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய இந்த வரியைத்தான் பலமுறை படித்தேன். அக்கா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. மறைக்கும் சொல் எனக்கும் வேண்டாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று பன்னாட்டு நீதிமன்றம் தன் கருத்துரையில் ஒரு பெரிய விஷயத்தைச் சொன்னது. 1967 போரில் பிடித்த பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டது, கூடிய விரைவில் அது முடிய வேண்டும் என்றது. இதே நீதிமன்றம் 2004-இல் மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவரையும் குடியேற்றங்களையும் சட்டவிரோதம் என்றது. இருப்பையே அப்படிச் சொன்னது இருபது ஆண்டு கழித்துத்தான். இந்தச் செய்தியை "ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று நீதிமன்றம் கூறியது" என்று தமிழில் எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? ஆக்கிரமிப்பு என்றைக்கு ஐயா சட்டப்படி இருந்தது என்றுதான் கேட்பார். கருத்துரையின் கனமே போய்விடுகிறது. குற்றச்சாட்டைச் சொல்லுக்குள்ளேயே போட்டுவிட்டால், அதை மெய்ப்பித்துக் காட்டிய வாக்கியத்துக்கு வேலை இல்லாமல் போகிறது.

அங்கே உள்ளவர்களும் இந்தச் சொல்லோடு போராடித்தான் வருகிறார்கள். எபிரேயத்தில் "கிபூஷ்" என்றால் வென்று பிடித்தல். இடதுசாரிகள் அதை முடித்துவை என்று முழக்கமிடுகிறார்கள். வலதுசாரிகள் அந்தச் சொல்லையே வாயில் எடுப்பதில்லை, மேற்குக் கரையை விவிலியப் பெயர்களால் "யூதேயா, சமாரியா" என்பார்கள். 2003 மே மாதம் பிரதமர் ஏரியல் ஷரோன் தன் கட்சிக்காரர்களிடமே, முப்பத்தைந்து லட்சம் பாலஸ்தீனர்களை "கிபூஷ்" நிலையில் வைத்திருப்பது நமக்கும் நல்லதல்ல என்று பேசி எல்லோரையும் திகைக்க வைத்தார். மறுநாளே, தான் சொன்னது மக்களைப் பற்றி, நிலத்தைப் பற்றி அல்ல என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. இஸ்ரேலிய அரசின் வாதத்தில் அந்த நிலம் "உரிமைப் பூசல் உள்ள பகுதி". ஆனால் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே 2004-இல் பெய்த் சூரிக் கிராம வழக்கில் மேற்குக் கரையை "தஃபீசா லோகமதீத்" என்ற நிலையில் வைத்துப் பேசியது. போரில் கைக்கொண்டது என்று பொருள் கொள்ளலாம். உணர்ச்சி குறைவான, சட்டத்துக்கென்று வைத்த சொல். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அரபியில் "இஹ்திலால்". ஓரிடத்தில் வந்து தங்குதல் என்ற வேரிலிருந்து வருவது. பல பாலஸ்தீனர்கள் இதை 1967-இலிருந்து எண்ணுவதில்லை, 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை இழந்த 1948-இலிருந்தே எண்ணுகிறார்கள். அவர்கள் கூற்றை மொழிபெயர்க்கும் இடத்தில் "ஆக்கிரமிப்பு" என்றே விட்டுவிடலாம், அங்கே அது சரியாகப் பொருந்தும். நான் கேட்பது ஹேக், ஜெனீவா பொருளுக்கு மட்டும்.

அப்படியானால் என்ன சொல்? பழைய புறத்திணைப் பெயரான "வஞ்சி" என்று ஒருவர் எழுதியிருந்தார். வஞ்சி மண்ணாசையால் படையெடுத்துச் செல்வது, உழிஞை கோட்டையை முற்றுவது, வாகை வெற்றி. வென்ற பிறகு ஊருக்குள் படை தங்கியிருக்கும் காலத்தை இவற்றில் எதுவும் குறிக்காது.

நான் தேடியது பத்திரம் எழுதுகிறவர்களிடம். நம் கிரயப் பத்திரங்களில் உரிமை வேறு, சுவாதீனம் வேறு. வீடு ஒருவர் சுவாதீனத்தில் இருக்கும், உரிமை இன்னொருவருக்கு. நமக்கு வேண்டியது ஏறத்தாழ இதே வேறுபாடுதான்: நிலம் படையின் கையில், உரிமை அங்குள்ள மக்களுடையது. "படைச் சுவாதீனம்" என்று முதலில் எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. "வசம்" நின்றது. ஆகவே என் பரிந்துரை படைவசம்.

மேற்குக் கரை 1967 ஜூன் முதல் இஸ்ரேலின் படைவசத்தில் உள்ளது.
படைவச அரசு தன் குடிமக்களை அங்கே குடியமர்த்தக் கூடாது.
சினாய் 1982-இல் படைவசத்திலிருந்து எகிப்துக்குத் திரும்பியது.
படைவசம் எத்தனை ஆண்டு நீடித்தாலும் உரிமையாக மாறாது.

"வசம்" வடசொல் என்பவர்களுக்குப் "படைப்பிடி" இருக்கிறது, எனக்கு மறுப்பில்லை. ஆனால் "பிடி" என்றால் கைது செய்வதும் நினைவுக்கு வருகிறது, யாரும் கேட்டிராத புதுமையும் அதில் இருக்கிறது. "அவர் வசம் உள்ள நிலம்" என்று கிராமத்தில் இன்றும் சொல்கிறோம்.

சென்னை ஐயா கேட்ட 242-ஆவது தீர்மானம் பற்றி. 1967 நவம்பர் 22-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றியது. இஸ்ரேலியப் படைகள் பிடித்த பகுதிகளிலிருந்து விலக வேண்டும் என்கிறது. ஆங்கிலப் பாடத்தில் "பகுதிகள்" என்பதற்கு முன் "the" என்ற சுட்டுச் சொல் இல்லை, பிரெஞ்சுப் பாடத்தில் உண்டு. எல்லாப் பகுதிகளுமா, சிலவா என்று அன்றிலிருந்து வாதாடுகிறார்கள். தமிழில் அப்படி ஒரு சுட்டே கிடையாது. "அண்மைப் போரில் படைவசமான பகுதிகளிலிருந்து" என்று எழுதினால் இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கும். "அந்தப் பகுதிகளிலிருந்து" என்றோ "பகுதிகள் அனைத்திலிருந்தும்" என்றோ தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதியதாகிவிடும். போரால் நிலம் கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்று அதன் முகவுரையில் உள்ள வரியையும் விடாமல் சேருங்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாதது காசா. 2005-இல் இஸ்ரேல் தன் படையையும் குடியேறிகளையும் உள்ளிருந்து விலக்கிக்கொண்டது. ஆனால் வானும் கடலும் பெரும்பாலான எல்லை வாயில்களும் அதன் பிடியில்தான் இருந்தன. எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கடமையும் நீடிக்கிறது என்றது 2024 கருத்துரை. படையே உள்ளே இல்லாத அந்த ஆண்டுகளைப் "படைவசம்" என்று சொன்னால் பொருந்துமா? அக்கா, உங்கள் பக்கத்தில் இதற்கு ஏதாவது சொல்வழக்கு இருந்தால் எழுதுங்கள்.