புதுப்பிப்பு: ஓலைக் கொட்டான் படங்களில் விழுந்த நீலச் சாயல் போய்விட்டது

ஆன்லைனில் விற்கப் பனை ஓலைக் கொட்டான்களைப் போனில் படம் எடுத்தால் ஓலை நீலம் பாய்ந்தும், வெள்ளைப் பின்னணி சாம்பலாகவும் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கை கொடுத்தது, மஞ்சள் பல்பை அணைக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். பல்புக்கு ஏற்ப கேமரா நிறத்தைத் திருத்தியதால் ஜன்னல் வெளிச்சம் பட்ட பக்கம் நீலமாகியிருக்கிறது. இப்போது ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகிவிடுகிறது.

அடுத்து சாம்பல் நிறம். பின்னணி வெள்ளையாக இருந்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். திரையில் கொட்டான் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். சரியானது.

எதிர்பாராதது ஒன்று. அப்புறமும் படத்தில் லேசான புகைமூட்டம் இருந்தது. எங்கள் வீடு பாம்பனில், கடலை ஒட்டி. பார்த்தால் லென்ஸ் மேல் உப்புப் படலம்! வறண்ட துணியால் தேய்த்தால் கீறல் விழலாம் என்று, ஈரமான மென்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் துடைத்தேன். இப்போது சிவப்புச் சாயம் ஏற்றிய ஓலையின் நரம்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் லென்ஸைப் பாருங்கள்.