ஒரு ரூபாயில் பள்ளமாகத் தெரியும் சிங்கம்: அச்சுப்பிழையா, வைஸ் வேலையா?

கேள்வி:
1992-க்குப் பிறகு வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய். ஒரு பக்கம் சிங்கம் வழக்கம்போல் மேடாக இருக்கிறது. மறுபக்கமும் அதே சிங்கம், ஆனால் பள்ளமாக, இடவலம் மாறி. விற்பவர் புரோக்கேஜ் (முந்தைய காசு ஒட்டிக்கொண்டதால் வரும் அச்சுப்பிழை) என்று சொல்லி அதற்கேற்ற விலை கேட்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது? லென்ஸும் 0.01 கிராம் தராசும் இருக்கின்றன.

பதில் 1:
பள்ளச் சிங்கம் உள்ள பக்கத்தில் '1', தானியக் கதிர்கள், ஆண்டு இவற்றின் தடயம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அடித்த காசு வெளியே விழாமல் எண் பக்க டையில் (காசை அடிக்கும் அச்சில்) ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் பிளாங்க்கை (இன்னும் அடிக்காத வெறும் வட்டத் தகட்டை) அந்த டை தொடவே முடியாது. ஒட்டிய காசின் சிங்கம்தான் அதில் பள்ளமாகப் பதியும். அதனால் முழு புரோக்கேஜில் ஆண்டும் இருக்காது, ஆண்டுக்குக் கீழே வரும் மின்ட் குறியும் (எந்த நாணயச்சாலை என்று காட்டும் குறி) இருக்காது. அப்படிப்பட்ட காசை "1998 பம்பாய் மின்ட்" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வைஸ் வேலை என்பது நல்ல காசு இரண்டை, ஒன்றின் சிங்கம் இன்னொன்றின் எண் பக்கத்தில் படும்படி சேர்த்து, வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) இறுக்குவது. அதில் நசுங்கிய கதிர்களின் மேலேயே சிங்கம் உட்கார்ந்திருக்கும்.

பதில் 2:
ஒரு திருத்தம். பகுதி புரோக்கேஜும் உண்டு. ஒட்டிய காசு நகர்ந்து பிளாங்க்கில் ஒரு பங்கை மட்டும் மறைத்திருந்தால், மீதி இடத்தில் எண் பக்கம் சரியாகவே விழும். ஆனால் அவை பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்றாக வராது. நடுவில் ஒட்டிய காசின் விளிம்பு வளைகோடாகத் தெரியும்.

ஸ்டீல் கடினமானது, சாதாரண வைஸ் அழுத்தத்தில் சிங்கத்தின் மேடான இடங்கள் மட்டுமே இறங்கும், 'சத்யமேவ ஜயதே' போன்ற பொடி எழுத்து பதியாது. மேட்டுப் பக்கத்தையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சிங்கத்தின் மூக்கும் விளிம்பும் தட்டையாகிப் பளபளத்தால் அது வைஸ் தாடை பட்ட இடம்.

தராசு இதில் உதவாது. இறுக்குவதால் உலோகம் குறையாதே, இரண்டுமே 4.85 கிராமை ஒட்டித்தான் காட்டும்.

கேட்டவர்:
லென்ஸில் பார்த்தேன். பள்ளச் சிங்கத்துக்குள்ளேயே கதிரின் நுனி மங்கலாகத் தெரிகிறது. 'இந்தியா' எழுத்துகளில் பாதி பதியவில்லை.

பதில் 1:
அப்படியானால் வைஸ்தான். அதன் மதிப்பு ஒரு ரூபாய். "அபூர்வம், லட்சக்கணக்கில் போகும்" என்ற யூடியூப் கணக்கை விற்பவர் எடுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்கி விற்கும் மோசடி பற்றி அந்த வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. அடுத்த முறை இரு பக்கமும் சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படம், ஓரத்தின் படம் எல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.